ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

கண்ணாடி வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் கையில் ஒரு கீறல் இல்லை. ஒரு திங்கட்கிழமை, ஜன்னலுக்கென்று தூக்கிய கண்ணாடி பாதியில் உடைந்து வலது மணிக்கட்டில் இறங்கியது. நரம்பு இரண்டு துண்டு. மருத்துவர் தைத்துச் சேர்த்தார். ஆனால் கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போயிருந்தது.

வீட்டில் தங்கைதான் தலை வாரிவிட்டாள், பொத்தான் போட்டுவிட்டாள். அக்காக்காரி பிடித்துவைத்த மண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அழவுமில்லை, அலுத்துக்கொள்ளவுமில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை அந்தக் கையாலேயே தூக்கிவிட்டாள். தங்கை ஓடிவந்து தட்டிவிட்டாள். அதற்குள் விரல்கள் கொப்பளித்துவிட்டன.

“கை வெந்துபோச்சுக்கா. உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

“யாரோ ஒருத்தர் கை மாதிரி இருக்கு” என்றாள்.

மூன்றாம் மாதம் மருத்துவர் மணிக்கட்டிலிருந்து விரலால் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளங்கை நடுவில் தட்டியதும் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது. நரம்பு அதுவரை வளர்ந்துவிட்டதாம். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.

அந்த வாரமே எரிச்சல் ஆரம்பித்தது. சட்டைக்கை உரசினால்கூட உயிர் போயிற்று. தங்கை அவளை இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் நின்றாள்.

“தச்சதே தப்பா போச்சா டாக்டர்?”

“இல்லம்மா. அறுபட்ட நரம்பு நியூரோபெப்டைடுன்னு குட்டிக் குட்டிப் புரதத் துணுக்குகளைச் சுரக்கும். வலியைக் கிளப்புறது அதுல சிலதுதான். ரத்த ஓட்டத்தைக் கூட்டி, சுத்தியிருக்கிற செல்லை உசுப்பி, நரம்பு வளர ஒத்தாசை பண்றதும் அதுகதான்னு ஆராய்ச்சியில சொல்றாங்க.”

“அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லுங்க” என்றாள் தங்கை.

“அதுக்காக வலியைத் தாங்கிக்கிட்டு இருக்கணும்னு இல்ல. மாத்திரை தர்றேன், போடுங்க.”

மறுநாள் காலை தங்கை சிக்கெடுக்கையில் சீப்பு வெடுக்கென்று இழுத்தது.

“வலிக்குதுடி. மெதுவா வாரு” என்றாள் அக்கா. எத்தனையோ நாளாக எப்படி இழுத்தாலும் வாய் திறக்காதவள். தங்கை சிரித்துக்கொண்டே சிக்கை விரலால் பிரித்தாள்.

ஒன்றரை வருஷம் போயிற்று. விரல்களில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. கண்ணை மூடினால் நாணயம் எது, பொத்தான் எது என்று விரலுக்குத் தெரியாது. அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடையின் முதலாளி, வெட்டுவதற்குப் பதிலாக அளவெடுக்கும் வேலை கொடுத்தார். முதல் நாள் கண்ணாடி அடுக்கின் முன்னால் அவள் தயங்கி நின்றாள்.

“பயமா இருக்கா?” என்றார் அவர்.

“இருக்குங்க” என்று சொல்லிவிட்டு, அளவுநாடாவை இடது கையில் எடுத்துக்கொண்டாள்.