பாராடாங் ஃபெர்ரிக்கு மூன்று நிமிடம்

கிராபிக்ஸ் கார்டு என்ற பேச்சை எடுத்தாலே சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்வில் எஸ்டேட் வீட்டில் எட்டு மாதம் உட்கார்ந்து அவள் செய்த முதல் கேம்: ஜீப்பை ஃபெர்ரியில் ஏற்றி பாராடாங் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை அதைச் சுற்றுலாத் தகவல் மையத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். சொதப்பினால் மையத்துக்குக் கேம் செய்து தரும் வேலை சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும். மையத்துக் கம்ப்யூட்டரோ தாத்தா காலத்தது. கடலை வரையத் தெரிந்த கார்டு அதில் இல்லை. புதுக் கார்டு கப்பலில் வருகிறதாம். கப்பல் எப்போது ஹேடோ துறைமுகத்துக்கு வரும் என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

சரி, கார்டின் வேலையைப் புரோகிராமே பார்க்கட்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு எழுதினாள். அலையின் ஏற்ற இறக்கத்தையும் அதில் தெரியும் வானத்தையும் பாவப்பட்ட பிராசஸர் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டது. அழகாகத்தான் வந்தது, ஆனால் இரண்டு நொடிக்கு ஒரு படம். ஃபெர்ரி நொண்டி நொண்டிப் போனதைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை ஒரு யோசனை தோன்றியது. அலைகளை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டால் திருப்பித் திருப்பிக் காட்டலாமே. கேம் தொடங்கியதும் அதை வரைய மூன்று நிமிடம் ஆகும். அதுவரை ஆடுகிறவர் என்ன செய்வார்? படகுத்துறையான ஜெட்டியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, 'ஃபெர்ரி வரும்' என்று ஒரு பலகையை வைத்தாள்.

மறுநாள் மைய அதிகாரி கிருஷ்ணமூர்த்தி ஆட உட்கார்ந்தார். இருபது வருடமாக நிஜ பாராடாங் ரோட்டில் போய் வருகிறவர். வரிசையைப் பார்த்ததும் மவுசை விட்டுவிட்டு டீ சொன்னார், பக்கத்து சீட்டுப் பெங்காலிக்காரரிடம் இந்தியில் மழையைப் பற்றிப் பேசினார். ஃபெர்ரி வந்ததும் நிதானமாக ஜீப்பை ஏற்றினார். அலை பிசிறில்லாமல் ஓடியது. வேலை உனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் கப்பல் வந்தது, கார்டும் வந்தது. சங்கவி அதை மாட்டி, முன்கூட்டி வரையும் வேலையைத் தூக்கியெறிந்தாள். ஜீப் ஜெட்டியைத் தொட்டதும் ஃபெர்ரி தயாராக நின்றது. கிருஷ்ணமூர்த்தியின் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, போன உடனே ஃபெர்ரி நிக்குது? கபி ஹுவா ஹை? என்னைக்காவது நடந்திருக்கா? பாக்கறவன் சிரிப்பான். பழைய மாதிரியே வை."

புதுக் கார்டு சும்மா கிடக்க, மூன்று நிமிடம் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும் புரோகிராமை சங்கவி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். டீ வருவதற்குள் ஃபெர்ரி வந்துவிட்டதென்று அவர் அதை ஐந்து நிமிடமாக்கச் சொன்னார்.