நடு வரிசை டைல்

அக்காவின் துகளுக்குப் பிடிவாதம் அதிகம். அவளுடைய இயற்பியல் ஆராய்ச்சிக்காகக் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பள்ளங்கள், நடுவில் ஒரு மேடு. துகள் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் அலையை இடது பள்ளத்தில் விட வேண்டும். மேட்டில் ஏறத் தெம்பில்லாவிட்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வலது பள்ளத்துக்கு முழுதாகப் போய்ச் சேரும், பிறகு அதேபோல் திரும்பி வரும். ஒரே நிபந்தனை, இரண்டு பள்ளமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். இவளுடைய அலையோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடும்.

மதியம் கைடு மேடம் வீடியோ காலில் பார்ப்பார். அலை அக்கரை சேராவிட்டால் அந்த அத்தியாயமே கிடையாது, டாக்டர் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"பையை எடுக்கா. என் பக்கம் வந்திருச்சு."

எங்கள் அறை ஆளுக்குப் பாதி. அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "எதுடி உன் பக்கம்? டைலை எண்ணிப் பாரு. உனக்கு ஒரு வரிசை அதிகம்!"

"எல்லை வரைக்கும்னுதானே பேச்சு? நடு வரிசைதான் எல்லை."

"எல்லையையும் சேர்த்து நீ எடுத்துக்குவே, நான் மட்டும் எல்லைக்கு முன்னாடியே நின்னுக்கணுமா? இது என்னடி நியா..."

வாயைத் திறந்தபடியே நின்றவள் கம்ப்யூட்டரிடம் ஓடினாள்.

பள்ளங்களைப் புள்ளி புள்ளியாக வைத்துத்தான் புரோகிராம் எழுதியிருந்தாள். இடது பள்ளத்தில் ஓரப் புள்ளியையும் சேர்த்திருக்கிறாள், வலது பள்ளத்தில் அதற்கு முன்பே நிறுத்திவிட்டாள். இடது பள்ளம் ஒரு புள்ளி கூடுதல் அகலம். அந்த இத்தனூண்டு வித்தியாசம் போதுமாம், அலை கடக்கவே கடக்காதாம்.

திருத்திவிட்டு ஓடவிட்டாள். இடது குவியல் மெல்லக் கரைந்தது, வலப்பக்கம் ஒரு சின்னக் குவியல் முளைத்து வளர்ந்தது. கடைசியில் மொத்த அலையும் அக்கரையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

மேடம் பார்க்கும்போது அலை மறுபடி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. "பிரமாதம்மா, அத்தியாயத்தைச் சேர்த்துடு. தப்பை எப்படிப் பிடிச்சே?"

அக்கா கேமராவை என் பக்கம் திருப்பினாள். "இவ என் டைலைத் திருடினா, மேடம்."

சாயங்காலம் என் மேஜையை நானே ஒரு வரிசை பின்னால் இழுத்தேன். அக்கா அதைப் பழையபடி முன்னால் தள்ளினாள்.

"அங்கேயே இருக்கட்டும்டி. இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கு."