பெரட்டுக்கு வராத ஒருவர்

புக்கிட் செராய் தோட்டத்தில் பெரட்டு நின்று போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடிவதற்கு முன் எல்லாரையும் ஒரே களத்தில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்புகிற வழக்கம் அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி வீடமைப்புக்குப் போன பிறகு, கூப்பிட யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெரட்டைத்தான் புதன்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோயில் வாசலில் புஷ்பலதா மறுபடி நடத்தினாள். இந்தத் தடவை வேலைக்கு அல்ல, பஸ்ஸுக்கு.

"தினேஸ்வரி!"

"இருக்கேன்கா."

"மாயாண்டி அண்ணே!"

"வந்தாச்சுலா. கங்காணி கெட்டாங்க ஒங்கிட்ட."

"மாரியம்மா!"

"தூங்குறேன்!" என்றாள் மாரியம்மா. கூட்டம் சிரித்தது.

புஷ்பலதா சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு இழுத்தாள். கோயில் முக்கில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறவள் அவள். அன்றைக்குப் பொட்டலங்களை அப்படியே மேசையில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு இந்த பஸ் போனால் எல்லாம் போனது.

அவள் கணவர் ஐயாவுவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவில் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் படுக்க வேண்டும். காலை ஏழே முக்காலுக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இயந்திரத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாடகைக் கிராப் கார் தோட்டத்துக்குள் வராது. ஆறு நாற்பது பஸ்தான் கதி.

அந்த பஸ்ஸை நிறுத்தப் போவதாகச் சேதி வந்ததும் புஷ்பலதா நேராக ஈப்போவுக்குப் போய் பஸ் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டாள். புது பஸ் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஆறு நாற்பதை ஆறு பத்து ஆக்குங்கள், ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஏறுவார்கள் என்றாள். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று நிறுத்தத்தில் ஒரு பலகை வையுங்கள் என்றாள். ஒன்றன் பின்னால் ஒன்றாக வருகிற இரண்டு பஸ்ஸை நேரம் பிரித்து விடுங்கள் என்றாள்.

"இதுக்கெல்லாம் செலவே இல்லையே சார்!"

அதிகாரி அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். நல்ல யோசனைகள்தான், ஆனால் ஆள் ஏறுகிறார்களா என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். புதனும் வெள்ளியும் ஒரு பெண் பஸ்ஸிலேயே வந்து எண்ணுவாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எழுதுவாள். அதை வைத்துத்தான் முடிவு.

புஷ்பலதா இரண்டு வாரம் வீடு வீடாக நடந்தாள். பழைய வரிசை வீடுகளான மேல் லயம், கீழ் லயம், புதுத் தாமான் குடியிருப்பு எதையும் விடவில்லை. மோட்டார் வைத்திருந்தவர்களையும் கார் வைத்திருந்தவர்களையும் கெஞ்சினாள். "ரெண்டே நாளு. புதனும் வெள்ளியும் ஏறிருங்க. எல்லாரும் கோயிலுக்கு வந்துருங்க, நான் பேரு கூப்புடுவேன்."

எல்லாரும் கோயிலுக்கு. அதில் என்ன தப்பு இருக்கிறது என்று அப்போது அவளுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. பெரட்டு என்றால் ஒரே களம்தானே. கீழ் லயத்துக்கென்று தனியாக ஒரு நிறுத்தம் இருந்தும், அந்த ஒன்பது வீட்டு ஆட்களும் ஒரு கிலோமீட்டர் மேடேறிக் கோயிலுக்கு வந்தார்கள்.

வராதவர் ஐயாவு ஒருவர்தான். அவரால் மேடேற முடியாது. வழக்கம்போல் கீழ் லயத்து நிறுத்தத்தில் பையோடு நின்றார்.

ஆறு நாற்பதுக்கு பஸ் வந்தது. சதாசிவம்தான் டிரைவர். அவர் பின்னால் முதல் சீட்டில் நூருல் உட்கார்ந்திருந்தாள். காம்பாரில் கல்லூரியில் படிக்கிற பெண். விடுமுறையில் எண்ணுகிற வேலைக்கு வந்திருந்தாள். கையில் ஒரு சின்ன இயந்திரம். ஆள் ஏற ஏற டிக், டிக் என்று அழுத்தினாள்.

"முப்பத்தெட்டு," என்றாள் நூருல், கண்களை அகல விரித்து.

கதவு மூடியது. புஷ்பலதா கையெடுத்துக் கும்பிட்டாள். பஸ்ஸுக்கா, கோயிலுக்கா என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் இரண்டரைக்கு ஐயாவு வீட்டுக்கு வந்தார். முழங்கைக்குள் எப்போதும்போல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"பஸ்ஸு எப்படி இருந்துச்சு?"

"நெறஞ்சு போச்சு. ஒன்ன மாதிரி ஒரு கண்டக்டர் அந்தக் காலத்துல எங்களுக்கு இல்லாம போச்சு." அவர் இருபத்தோரு வருஷம் இதே தடத்தில் கண்டக்டராக இருந்தவர். கண்டக்டர் வேலையையே எடுத்துவிட்டபோதுதான் வீட்டுக்கு வந்தார்.

சோறு வேண்டாம் என்றார். வியாழக்கிழமை கணுக்கால் வீங்கியிருந்தது. புஷ்பலதா விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, சீக்கிரம் எழும்பவில்லை.

"நேத்துத்தானே சுத்தம் பண்ணுனாங்க?"

"உப்பு கூடிருச்சு போல. நாளைக்குப் போறேன்ல. நீ போயி ஒன் ஆளுங்களப் பாரு. நாளைக்கு ஒருத்தன் கொறஞ்சாலும் கணக்கு கெட்டுரும்."

வெள்ளிக்கிழமை கூட்டம் இன்னும் கூடியது. நாற்பத்தொரு பேர். முப்பத்தெட்டு பேர் ஏறியதும் சதாசிவம் கையை நீட்டி மறித்தார்.

"போதும்கா. முப்பத்தெட்டுக்கு மேல ஏத்தக் கூடாது."

"என்னண்ணே புதுசா பேசறீங்க? தீபாவளிக்கு அறுவது பேர அடைச்சிக்கிட்டுப் போவீங்க!"

"அப்ப எண்ணுற பிள்ள இல்லக்கா. இன்னிக்கு ஆபீசு பெரியவரும் உள்ள இருக்காரு. எனக்கு நோட்டீஸ் குடுத்துருவாங்கலா."

உள்ளே மூன்றாவது சீட்டில் சட்டையில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

புஷ்பலதா படியில் ஒரு காலை வைத்தாள். "கீழ எங்க வீட்டுக்காரரு நிப்பாரு."

"தெரியும்கா," என்றார் சதாசிவம். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புதன்கிழமை ஏற்றிக்கொண்டு போனவர்தானே, நோயாளிக்கு ஒரு இடம் ஒதுக்காமலா போவார் என்று அவள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பஸ் போயிற்று. மிச்சமிருந்த மூன்று பேரை எட்டு இருபத்தைந்து பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னாள். அந்த பஸ்ஸிலும் எண்ணிக்கை கூடட்டும்.

ஏழேகாலுக்கு அவள் போன் அடித்தது. மெயின் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஷரபுதீன்.

"தங்கச்சி, ஒடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. அண்ணன நான் கார்ல ஏத்திட்டேன். மூச்சு வாங்குது."

"பஸ்ஸு? பஸ்ஸுல போகலையா?"

"புதன்கிழமையும் போகலம்மா," என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மீதியைச் சொன்னார். புதன்கிழமையும் இடம் நிறைந்துவிட்டதென்று பஸ் நிற்காமல் போயிருக்கிறது. ஐயாவு மெல்ல நடந்து கடைக்கு வந்து, இரண்டு மணி வரைக்கும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். நிலையத்தில் இன்றைக்கு நேரம் மாற்றிவிட்டார்கள் என்று பொய் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது மட்டும் ஒரு பிளாஸ்திரி கேட்டு வாங்கி, கையில் காயமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"அப்பத்தான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. வாங்கண்ணே, இப்பவாச்சும் கார்ல கொண்டு போயி விடறேன்னு சொன்னேன். எடம் போயிருச்சு, வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம், சதாசிவம் போன்ல நிப்பாட்டுறேன்னு சொல்லிருக்கான்னாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏண்ணே?"

"சொன்னா நீ பெரட்டக் கலைச்சிருவியாம். பஸ்ஸே போயிட்டா அப்புறம் எந்த வெள்ளிக்கிழமன்னு கேட்டாரு."

திங்கட்கிழமைக்குப் பிறகு சுத்திகரிக்காமல் உடம்பில் சேர்ந்த தண்ணீரெல்லாம் நுரையீரலில் போய்த் தேங்கிவிட்டது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐயாவு இறந்தார். சாவுக்குத் தோட்டமே வந்தது. வந்தவர்களில் முப்பத்தெட்டு பேர் அவர் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்.

மாரியம்மாதான் வாயைத் திறந்தாள். "மொத நாளே நான் கத்துனேன்கா. நிப்பாட்டுங்க, நான் எறங்கிக்கிறேன்னு. பின்னால இருந்து யாரோ, ஒரு ஆளு எறங்குனா கணக்கு கொறஞ்சிரும்னாங்க. அதுக்குள்ள அண்ணனே கைய ஆட்டுனாரு, போங்க போங்கன்னு. சிரிச்சாருக்கா. அடுத்த பஸ்ஸுல வருவாருன்னு நெனச்சோம்."

புஷ்பலதா யாரைக் குறை சொல்வது? பெயர் கூப்பிட்டவள் அவள்தானே.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கோயில் வாசலில் அதை உரக்கப் படித்தார்கள். பஸ் நிற்காது, தொடரும். முதல் பஸ் ஆறு பத்துக்கே புறப்படும். நேரப் பலகை வைக்கப்படும். இரண்டு பஸ்களும் இனி ஒன்றாக வராது. புஷ்பலதா கேட்டது அத்தனையும் கிடைத்திருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

கடைசிப் பத்தியில் இன்னொன்று இருந்தது. கீழ் லயத்து நிறுத்தத்தில் இரண்டு நாளும் ஏறியவர் யாரும் இல்லை. ஆகவே பஸ் இனிமேல் அந்த வளைவுக்குள் போகாமல் புது ரோட்டில் நேராகப் போகும். செலவில்லாமலே ஏழு நிமிஷம் மிச்சம். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம்.

புஷ்பலதா மறுபடி ஈப்போவுக்குப் போனாள். நூருலைத் தேடிப் பிடித்தாள்.

"கீழ் லயத்துல யாருமே இல்லன்னு எழுதிருக்கியாம்மா?"

நூருலுக்குப் புரிந்துவிட்டது. "ஒருத்தர் நின்னாருக்கா. ரெண்டு நாளும் பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏன் சைபர்?"

"நிக்கிறவங்கள எழுத எடமே இல்லக்கா தாள்ல. ஏறுறவங்களத்தான் எண்ணச் சொன்னாங்க."

புஷ்பலதா அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். ஒரே ஒரு நாள் மறுபடி எண்ணுகிறோம் என்றார்கள். பஸ் உள்ளே வந்து போக வேண்டுமானால் அந்த ஒரு நாளில் பத்து பேராவது ஏற வேண்டும்.

பழைய தாளை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாக நடந்தாள். இந்தத் தடவை யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நேரா போனா ஏழு நிமிசம் மிச்சம்லா அக்கா. எனக்கு ஷிப்டு," என்றாள் தினேஸ்வரி.

மாயாண்டி தலையைச் சொறிந்தார். "அண்ணனே போயிட்டாரு. இனி யாருக்கு அந்த நிறுத்தம்?"

"செல்லாயி அக்காவுக்கு. கீழ் லயத்துல இருந்து அன்னிக்கு எப்படியோ ஏறி வந்துட்டாங்க, அந்த இடுப்ப வச்சிக்கிட்டு தெனம் மேல ஏற முடியுமா? நாளைக்கு ஒங்களுக்கும் எனக்கும்."

"பாப்போம்," என்றார் மாயாண்டி. வரமாட்டேன் என்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கீழ் லயத்து ஆட்களே, நாங்கள் கோயிலுக்கு நடந்து பழகிவிட்டோம் என்றார்கள்.

எண்ணுகிற நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. கீழ் லயத்து நிறுத்தத்தில், ஐயாவு நின்ற அதே கம்பத்தின் பக்கத்தில் நின்று புஷ்பலதா பெயர் கூப்பிட்டாள். ஒரு பெயர் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அடுத்த பெயருக்குப் போனாள். நாற்பத்தொரு பெயரில் ஒன்றுக்குத்தான் பதில் வந்தது.

"இருக்கேன்டி," என்றாள் செல்லாயி, ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு. "எத்தன தடவதான் கத்துவ? தொண்ட போயிரும்."

ஆறு இருபதுக்கு பஸ் வந்து நின்றது. சதாசிவம் இறங்கி வந்து செல்லாயியைக் கையைப் பிடித்து ஏற்றினார். புஷ்பலதாவுக்கும் கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்காமல், அவரைப் பார்க்காமல் ஏறினாள்.

டிக், டிக்.

"ரெண்டு," என்றாள் நூருல் மெதுவாக. "பத்து வேணும்கா."

"இன்னிக்கு இன்னும் எத்தன பஸ்ஸு இருக்கு?"

நூருல் தாளைப் பார்த்தாள். "எட்டு. கடைசி வண்டி ராத்திரி எட்டேகாலுக்கு."

"ஒரே ஆளு மறுபடி மறுபடி ஏறக் கூடாதுன்னு ஒன் தாள்ல எங்கயாச்சும் எழுதிருக்கா?"

நூருல் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தையும் படித்தாள். அவசரப்படாமல் இரண்டு தடவை படித்தாள்.

"இல்லக்கா."

"சரி. அப்ப அடுத்ததுல பாக்கலாம்."

மெயின் ரோட்டு நிறுத்தத்தில் புஷ்பலதா மணியை அழுத்தி இறங்கினாள். ஷரபுதீன் கடை வாசலிலிருந்து கூப்பிட்டார், தே தாரேக் ஒன்று குடித்துவிட்டுப் போ தங்கச்சி என்று. அப்புறம் வாரேன் என்று கையைக் காட்டினாள். பஸ் ஈப்போப் பக்கம் திரும்பியது. அவள் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கீழ் லயத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

இன்னும் எட்டு.