தேய்ந்துபோன தளபதி

எங்கள் தளபதி போரில் ஜெயித்ததற்காக நகர மக்கள் அவருக்கு ஒரு வெள்ளிக் குதிரையைப் பரிசளித்தார்கள். அதன்மேல் தங்கத்தில் தளபதியே வாளை ஓங்கியபடி உட்கார்ந்திருப்பார். தினமும் அதைத் தேய்த்து மினுக்குவது என் வேலை. தேய்த்ததில் என் கைரேகை அழிந்தது, அது கிடக்கட்டும். குதிரை கழுதையாகி, பிறகு ஆடாகிவிட்டது. தங்கத் தளபதிக்கு முதலில் மீசை போனது, அப்புறம் வாளும் போனது.

தளபதியின் மனைவி ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார்.

"கத்தி எங்கேய்யா? வித்துத் தின்னுட்டியா?"

"தேஞ்சு போச்சும்மா. நீங்கதானே இன்னும் பளபளன்னு வேணும்னீங்க?"

"யார் காதுல பூ சுத்தற? இரு, போலீஸைக் கூப்பிடறேன்."

வாதாட எனக்குத் தெம்பில்லை. போலீஸ் வரும்வரை காலை நீட்டலாம் என்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தளபதி சாய்வு நாற்காலியிலிருந்து முனகிக்கொண்டே எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மையை உற்றுப் பார்த்தார். ஓங்கிய வெறுங்கை, போதும் என்று சொல்வதுபோல் இருந்தது.

"இப்பதான்டி இதுல என் ஜாடை வந்திருக்கு. அவரை விடு" என்றார் மனைவியிடம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து தேய்க்காதப்பா. கையாவது மிஞ்சட்டும்."