பன்விலவுக்கு நடந்த வேலி

1931ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, கண்டி கட்டுக்கலையில் செல்லப்பாவின் வீட்டு வேலி நடக்கத் தொடங்கியது. முதல் நாள் ஒரு சாண் நகர்ந்தது. மாசி முடிவதற்குள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. வேறு யாருடைய வேலியாக இருந்தாலும் ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும். செல்லப்பாவோ நகரசபையின் வேலிக் கிளாக்கர். தெருவோர வேலி நாலடிக்கு மேல் எழும்பக் கூடாது, தெருவுக்குள் ஒரு விரல்கூட நுழையக் கூடாது என்று பதினெட்டு வருஷமாக அடிக்கோலும் கையுமாகத் திரிந்தவர். அவர் நோட்டீஸ் கொடுக்காத வீடு கண்டியில் இல்லை. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்த வீடும் இல்லை.

காரணம் அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தார் கலியாணத்துக்கு முள்முருக்கந் தடியைக் கன்னிக்காலாக நடுவார்கள். அது தழைத்தால் பெண்ணின் வாழ்வும் தழைக்கும். மகள் ஞானேஸ்வரியின் கன்னிக்காலை, நல்ல தடி வீணாவானேன் என்று, செல்லப்பா உயிர்வேலிக் கம்புகளுக்கு நடுவே ஒரு கதியாலாக நட்டுக் கம்பியால் இறுக்கிவிட்டார். மணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போகத்தானே வேண்டும்? அது கிளம்பிவிட்டது. கம்பியில் கட்டுண்ட மற்ற நாற்பது கதியால்களும் வேறு வழியில்லாமல் பின்னால் போயின.

புருஷன் வீடு பன்விலவில், தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். செல்லப்பா அங்கே போய் இரண்டு வருஷம். கலியாணத்துக்கு மறுவாரம் விருந்துக்குப் போனவர், சம்பந்தியின் வேலியை அளந்து, ஒன்பது அங்குலம் உயரம் கூட என்று சொல்லித் தொலைத்தார். பன்வில நகரசபை எல்லைக்குள் வராது என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. "வேலி அளக்கிறவருக்கு என்ரை படலைக்குள்ளை அலுவல் இல்லை" என்றார் சம்பந்தி. ரோஷம் பொல்லாதது. மகள் பிள்ளை பெற்ற செய்தி வந்தபோதும் மனுஷன் போகவில்லை. நகரசபைக் கந்தோர்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பங்குனியில் மேலதிகாரி ஹென்றி கூப்பிட்டார். "பதினாலு நாளைக்குள்ள வேலியைத் தெருவுல இருந்து எடுத்துடுங்க. இல்லாட்டி வேலைக்கு வரவேணாம்." வேலியை வெட்டினால் மகளின் வாழ்வையே வெட்டினதாகும். விட்டால் பிழைப்புப் போகும். செல்லப்பா மூன்று நாள் விதிப்புத்தகத்தோடு கிடந்து ஒரு முடிவுக்கு வந்தார்: தெருவில் நின்றால்தான் அது வேலி; நகர்ந்தால் வண்டி. வண்டிக்கு லைசென்ஸ் வேண்டும், விளக்கு வேண்டும், இடப்பக்கமாகப் போக வேண்டும், சொந்தக்காரர் கூடவே நடக்க வேண்டும். கடைசி விதியை எழுதும்போதுதான், வேலியோடு தானும் சம்பந்தி வீடுவரை போக வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. ஆனாலும் விதி விதிதான். ஹென்றி இரண்டு தரம் படித்து, குறை காண முடியாமல் கையெழுத்து வைத்தார்.

இரண்டு மாத லீவு போட்டு, அரிக்கன் லாம்போடு செல்லப்பா வேலியின் முன்னால் நடந்தார். லைசென்ஸ் கிடைத்ததும் வேலிக்கு வேகம் வந்துவிட்டது; ஒரு நாளைக்குக் கால் மைல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எதிரே வந்த யானை ஒதுங்கி வழிவிட்டது. வத்தேகமை ஏற்றத்தில் மழை பிடித்ததும் வேலி மூன்று நாள் நின்று துளிர்த்தது. பஸ்காரர்கள் முதல் வாரம் ஹோர்ன் அடித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

வைகாசியில் பன்வில வந்தது. சத்தம் போட வெளியே வந்த சம்பந்தியை வேலி விலகிச் சுற்றிக்கொண்டு வாசல் படலைக்குள் நுழைந்து, வீட்டைச் சூழ்ந்து, வேர்விட்டு நின்றது. செல்லப்பா மட்டும் வெளியே நின்றார்.

ஞானேஸ்வரி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். "வேலி வந்துதான் உங்களைக் கூட்டிவர வேண்டிக் கிடந்ததோ, அப்பா?"

செல்லப்பா லாம்பைக் கீழே வைத்துவிட்டுப் பேரனைக் கைநீட்டி வாங்கினார். சம்பந்தி முறைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அவர் உட்கார ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை ஞானேஸ்வரி அந்த வேலிக் கம்பியில் பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டாள்.