அடுகோடிக் கைபேசிகளின் இரத்தம்

கோபத்தில் எறியப்பட்ட கைபேசிகள் அடுகோடிப் பகுதியில் இரத்தம் சிந்தின. கைதவறி விழுந்தவை சிந்தவில்லை. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த காந்தா இதற்காகவே பஞ்சும் டெட்டாலும் வாங்கித் தன் கருவிகளுக்கு அருகில் வைத்திருந்தாள். புதிய கைபேசியை இயக்கித் தரும்படியும் மக்கள் அவளிடமே வந்தனர். தம்பதியர் எனில், கணவனின் மின்னஞ்சல் கணக்கையே மனைவியின் கைபேசியிலும் போட்டுக் கொடுப்பது அவள் வழக்கம். "வூட்டுக்கு ஒரே ஐடி போதும்மா. பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு தெனம் என் உயிர வாங்க மாட்டீங்க பாரு" என்பாள்.

ஆரணியிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனத்தின் வரவேற்பறையில் வேலைபார்த்த பிரபாவுக்கும் அவ்வாறே செய்து கொடுத்தாள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அக்கைபேசி பலமுறை இரத்தம் வழியக் கடைக்கு வந்தது. ஒருமுறை அதன் சார்ஜர் துளைக்குள் கடைவாய்ப்பல் ஒன்று சிக்கியிருந்தது. காந்தா அதை இடுக்கியால் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது போனோடது இல்லியே பிரபா?"

"என்னுதுதாங்க்கா. நீங்க கிளாஸ் மட்டும் போட்டுக் குடுங்க."

அந்த மாதமே பிரபா தன் கணவன் ஹரிஷ்குமாரை விட்டு ஜீவனஹள்ளியில் ஓர் அறைக்குச் சென்றாள். அன்று மாலையே அவன் அங்கு வந்து அவளைப் படிக்கட்டில் உருட்டிவிட்டான். ஆஸ்டின் டவுனில் தோழியின் வீட்டில் ஒளிந்தாள். அங்கும் வந்து மணிக்கட்டை முறித்தான். மாவுக்கட்டுடன் கடைக்கு வந்தவள், "யார்கிட்டயும் சொல்லலக்கா. எப்படித்தான் மோப்பம் புடிக்கறாரோ" என்றாள். காந்தா கைபேசியை வாங்கித் திறந்து பார்த்தாள். கைபேசியில் இருந்தது ஹரிஷ்குமாரின் கணக்கு. அவள் போன இடமெல்லாம் அவனுடைய திரையில் புள்ளியாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"நான்தாண்டி காட்டிக் குடுத்துட்டேன். குந்து, இப்பவே அழிச்சிடறேன்."

கைபேசியில் இருந்ததெல்லாம் அழிந்து, பிரபாவின் பெயரிலேயே புதிய கணக்குத் தொடங்கவேண்டியிருந்தது. அதற்குள் புள்ளியைத் தொடர்ந்து ஹரிஷ்குமார் வந்துவிட்டான். தலைக்கவசத்தால் கடையின் கண்ணாடிப் பெட்டியை நொறுக்கினான். "ரிப்பேர் பண்ற மூஞ்சா இது? ஊர்க் குடும்பத்தக் கெடுக்கற மூஞ்சு!" என்று காந்தாவை அடித்தான். அவள் மூக்கெலும்பு முறிந்த ஓசை தெருவில் கேட்டது. வாயில் இறங்கிய இரத்தத்தைத் துப்பிவிட்டு, அவள் திரையிலிருந்து விரலை எடுக்காமல் வேலையை முடித்தாள். "எந்திரிடி, வூட்டுக்கு நட" என்றபடி அவன் பிரபாவின் கூந்தலைப் பற்றினான். "வரமாட்டேன்" என்றாள் பிரபா. அவன் கைபேசியைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அறைந்தான்.

அக்கைபேசி இப்போது பிரபாவுக்கு மட்டுமே உரியது. அதில் ஒரு கீறலும் விழவில்லை. கண்ணாடியில் விழவேண்டிய விரிசல் ஹரிஷ்குமாரின் நெற்றியில் தொடங்கி, மூக்கைக் கடந்து, சிலந்திவலையாகத் தாடைவரை பரவியது. ஒவ்வொரு கோட்டிலும் இரத்தம் துளிர்த்தது. அவன் முகம் உதிர்ந்துவிடாமல் இரு கைகளாலும் பொத்திக்கொண்டு ஓசூர் சாலைப் பக்கம் ஓடினான். பிரபா ஜீவனஹள்ளிக்குத் திரும்பினாள். அவளைத் தேடி எவரும் வரவில்லை.

மறுவாரம் காந்தா மூக்கில் பிளாஸ்திரியுடன் கடையைத் திறந்தபோது, அத்தெருவின் பெண்கள் தம் பெயரிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளக் கைபேசிகளுடன் காத்திருந்தனர். மழைக்காலம் முடிவதற்குள் முகத்தில் விரிசலுள்ள ஆண்கள் அடுகோடியில் பரவலாகக் காணப்பட்டனர். சலூன்காரர்கள் அவர்களுக்குச் சவரம் செய்கையில் கத்தியைக் கோடுகளின் போக்கிலேயே இழுக்கப் பழகிக்கொண்டனர்.