தோள்மூட்டின் எல்லை

விஷ்ணுப்ரியாவின் வேலை எலும்பு வைப்பது. சேலையூரில் டயர் கடைக்கு மேல்மாடியில் பத்ரி நடத்தும் அனிமேஷன் ஆபீஸில், கம்ப்யூட்டரில் செய்த வெற்று உருவங்களுக்குள் எலும்புக்கூட்டைப் பொருத்துவாள். எலும்பை அசைத்தால் தோல் கூடவே வரும். தோலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, இழுத்த பக்கம் போகும். அதனால் ஒவ்வொரு மூட்டுக்கும் இவ்வளவுதான் திரும்பலாம் என்று ஓர் எல்லை போட்டுவைப்பாள். மற்றவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிடுகிற வேலை அது.

பல் விளக்கும் கரடி, பாட்டுப் பாடும் கத்தரிக்காய் என்று இதுவரை பிழைப்பு ஓடியது. இந்த வாரம் வந்தது செத்துப்போன ஒரு மனிதன். படப்பையில் எழும்பிக்கொண்டிருந்த குடோனின் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த கொத்தனார் ஏசுபாதம். அவனே வழுக்கி விழுந்தான் என்று கோர்ட்டில் படம் போட்டுக் காட்ட வேண்டுமாம். குடோன் முதலாளி தினகரன், அந்த நேரம் தான் தாம்பரத்தில் பேங்கில் இருந்ததாக வாக்குமூலம் கொடுத்திருந்தார். யாரோ தள்ளிவிட்டார்கள் என்கிறாள் ஏசுபாதத்தின் மனைவி புஷ்பம். அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளிப்பக்கம் குனிந்து பூசும்போது வழுக்கினான் என்பது தினகரனின் வக்கீல் கொடுத்த கதை. போலீஸ் போட்டோவிலோ மல்லாந்து கிடந்தான், வலது கை தலைக்கு மேலே. இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் தோள்மூட்டு எல்லையில் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று நாள் மல்லுக்கட்டினாள்.

"லிமிட்டை எடுத்துடேன். தோளையெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்றான் பத்ரி.

எடுத்தாள். கை பின்பக்கம் போனது. தோல், பிழிந்த ஈரத்துணியாக முறுக்கிக்கொண்டது. அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தினகரனே வந்தார். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். காசு கொடுக்கிறவர்களால் எதையும் திருத்தாமல் இருக்க முடிவதில்லை.

"இன்னாமா இது, கை பொம்மையாட்டம் சுத்திகினு கீது. இப்டியா வுழுந்தான்?"

"வேற எப்படி சார்?" எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்பதைத்தான் அவள் கேட்டாள்.

"மூஞ்சி இந்தப் பக்கம். ரெண்டு கையும் முன்னால நீட்டிகினு. முதுகுதான் மொதல்ல போச்சு. அப்பால கம்பியப் புடிக்க வலது கைய மேல தூக்கினான்."

சொன்னபடியே எலும்புகளை வைத்தாள். எடுத்த எல்லையைத் திரும்பப் போட்டாள். எந்த மூட்டும் முட்டவில்லை. உடம்பு தங்குதடையில்லாமல் இறங்கி, போட்டோவில் கிடந்தபடியே கிடந்தது. மூன்று நாள் சிக்கல் தீர்ந்ததில் அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"கேமரா எங்க வைக்கணும் சார்?"

"இங்க." விரல் திரையைத் தொட்டது. ஏசுபாதத்தின் முகத்துக்கு நேரே, இரண்டடி தள்ளி.

அங்கே வைத்து ஓட்டினாள். ஏசுபாதம் அவர்களையே பார்த்தபடி, அவர்களை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியபடி, பின்னால் போனான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேங்கில் இருந்தவருக்கு இந்த இடம் எப்படித் தெரியும்? பத்ரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேர் இன்னா சொன்ன?" என்றார் தினகரன்.

"விஷ்ணுப்ரியா."

"வூடு?"

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "ராஜகீழ்ப்பாக்கம்."

"கூட யாரு?"

"அம்மா மட்டும்தான்."

"சரி. மொதல்ல இருந்ததையே போடு."

"கை அப்படித் திரும்பாது சார்."

அவர் அவளுடைய வலது தோளில் கையை வைத்தார். கட்டைவிரல் மூட்டைத் தேடிப் பிடித்து, மெதுவாக அழுத்தியது.

"திரும்பும்மா."

புஷ்பத்தை நினைத்தாள். அம்மாவையும் நினைத்தாள். பழைய அசைவைத் திரும்ப வைத்து, எல்லையை எடுத்தாள். திரையில் ஏசுபாதத்தின் கை சத்தமில்லாமல் பின்னால் முறிந்தது.

"இப்ப கரெக்ட்டா கீது," என்றார் தினகரன். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.